பணம் போனுக்குள் இல்லை, பெரியம்மா

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது பெரியம்மா என் போனைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தொலைஞ்சு போச்சுன்னா இதுக்குள்ள இருக்கிற பணமும் போயிடுமாடா?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன். ஆனால் ராத்திரி படுத்த பிறகு யோசித்தால், டீக்கடை, மளிகைக்கடை, பெட்ரோல் பங்க் என்று வருடக்கணக்காக ஸ்கேன் பண்ணிக்கொண்டிருக்கும் எனக்கும் அந்த நாலு விநாடிக்குள் என்ன நடக்கிறது என்று ஒழுங்காகச் சொல்லத் தெரியாது என்பது உறைத்தது. அப்புறம் தேடிப் படித்ததையும், மறுநாள் முற்றத்தில் உட்கார்ந்து அவருக்குச் சொன்னதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கம்ப்யூட்டர் ஆட்களுக்கானது இல்லை. போனில் பணம் அனுப்பப் பயப்படுகிறவர்களுக்கும், பயப்படாமல் அனுப்பிக்கொண்டே ஆனால் விஷயம் தெரியாமல் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கும்.

முதலில் பெயர்க் குழப்பம். பேச்சில் யாரும் யுபிஐ என்று சொல்வதில்லை. "ஜிபே பண்ணிடுங்க" என்கிறோம். போனில் இருப்பது போன்பேயாக இருந்தாலும் வாயில் வருவது ஜிபேதான், நகல் எடுப்பதற்கு ஜெராக்ஸ் என்று சொல்லிப் பழகிய மாதிரி. உண்மையில் கூகுள் பே, போன்பே, பேடிஎம், பீம் எல்லாம் ஆளுக்கொரு செயலி, அவ்வளவுதான். இந்தச் செயலிகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே ஏற்பாடு, அதன் பெயர்தான் யுபிஐ. அதை நடத்துவது என்பிசிஐ என்கிற நிறுவனம். ரிசர்வ் வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் சேர்ந்து 2008இல் உண்டாக்கியது, லாப நோக்கம் இல்லாதது. ரூபே கார்டும் அவர்களுடையதுதான். நம் பணம் கூகுளிடமும் இல்லை, போன்பேயிடமும் இல்லை, என்பிசிஐயிடமும் இல்லை. எப்போதும் போல வங்கிக் கணக்கிலேயே இருக்கிறது. போன் தொலைந்தால் போன்தான் போகும்.

(இதைச் சொன்னதும் பெரியம்மாவுக்குப் பாதி நிம்மதி. மீதிப் பாதிக்குத்தான் கீழே உள்ள கதை எல்லாம்.)

இது வருவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் இதன் அருமை புரியாது. பன்னிரண்டு ரூபாய் டிக்கெட்டுக்கு ஐம்பது ரூபாயை நீட்டினால் நடத்துநர் முறைத்துவிட்டு டிக்கெட்டின் பின்னால் பாக்கியைக் கிறுக்கித் தருவார். அந்த முப்பத்தெட்டு ரூபாய் ஞாபகத்திலேயே வெளியே வேடிக்கை பார்க்காமல் உட்கார்ந்திருந்து, கடைசியில் இறங்குகிற அவசரத்தில் மறந்துவிடுவோம். மளிகைக்கடையில் ஒரு ரூபாய் பாக்கிக்குப் பதில் மிட்டாய். வெளியூரில் படிக்கும் பையனுக்குப் பணம் அனுப்ப வேண்டுமென்றால் வங்கிக்குப் போய்ச் சலானைப் பூர்த்தி செய்து வரிசையில் நிற்க வேண்டும். நெட் பேங்கிங் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் மேல், ஆனால் அதிலும் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி கோடு எல்லாம் எழுத்துப் பிசகாமல் அடித்து, புதிய ஆளைச் சேர்த்துவிட்டு, அது செயல்பாட்டுக்கு வரக் காத்திருக்க வேண்டும். நெட் பேங்கிங்கில் அப்படி அனுப்பும் நெஃப்ட் என்ற வழி அப்போது வேலை நேரத்தில் மட்டும்தான் ஓடும். ஞாயிற்றுக்கிழமை போகாது. அது இருபத்து நான்கு மணி நேரமும் ஓட ஆரம்பித்ததே 2019 டிசம்பரில்தான்.

உடனடியாகப் பணம் போகும் வழி அதற்கு முன்பே இருந்தது. 2010இல் என்பிசிஐ ஐஎம்பிஎஸ் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது, நடுராத்திரியிலும் பணம் போய்ச் சேரும். ஆனால் வாங்குபவரின் கைபேசி எண்ணோடு ஏழு இலக்கத்தில் இன்னொரு எண்ணும் வேண்டும், அல்லது பழையபடி கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சியும். டீக்கடையில் யார் இதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டிருப்பார்கள்? அப்புறம் வாலட் என்று ஒன்று வந்தது. வங்கியிலிருந்து கொஞ்சம் பணத்தை எடுத்து ஒரு கம்பெனியின் டப்பாவில் போட்டு வைப்பது, அந்த டப்பாவிலிருந்து செலவு செய்வது. வசதிதான். ஆனால் என் டப்பா ஒரு கம்பெனியுடையது, கடைக்காரர் வைத்திருப்பது வேறு கம்பெனியுடையது என்றால் கதை முடிந்தது. பணம் இருக்கும், கொடுக்க முடியாது.

யுபிஐ தீர்த்து வைத்தது இந்தச் சிக்கலைத்தான், என் பார்வையில் இதன் மொத்தப் பெருமையும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கிவிடும். எந்த வங்கியில் கணக்கு இருந்தாலும், எந்தச் செயலி வைத்திருந்தாலும், வேறு எந்த வங்கி எந்தச் செயலி வைத்திருப்பவருக்கும் அனுப்பலாம். ஏர்டெல் நம்பரிலிருந்து ஜியோ நம்பருக்குப் பேசுவது போல. இதை யோசித்து வடிவமைத்ததில் ஆதாரை உருவாக்கிய நந்தன் நீலகேணிக்கும் பங்கு உண்டு, அவர் என்பிசிஐக்கு ஆலோசகராக இருந்தார். 2016 ஏப்ரல் 11 அன்று ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்தபோது மும்பையில் 21 வங்கிகளோடு சோதனையாகத் தொடங்கிவைத்தார். ஆகஸ்டு கடைசியில் செயலிகள் ப்ளே ஸ்டோருக்கு வந்தன.

வந்த வேகத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஆகஸ்டில் நாடு முழுக்க நடந்த பரிவர்த்தனைகள் ஒரு லட்சத்தைக்கூட எட்டவில்லை. அப்புறம் இரண்டு விஷயங்கள் அடுத்தடுத்து நடந்தன. செப்டம்பரில் ஜியோ வந்து, ஒரு ஜிபி டேட்டாவை மாதம் முழுக்கப் பொத்திப் பொத்திச் செலவழித்த சனங்களுக்கு இலவசமாக வாரிக் கொட்டியது. நவம்பர் 8 ராத்திரி எட்டு மணிக்கு பிரதமர் தொலைக்காட்சியில் வந்து ஐநூறும் ஆயிரமும் இனிச் செல்லாது என்றார். ஏடிஎம் வாசலில் நின்ற வரிசைகளையும், கிடைத்த இரண்டாயிரம் ரூபாய் நோட்டுக்கு ஊர் முழுக்க அலைந்தாலும் சில்லறை கிடைக்காததையும் நான் விவரிக்கத் தேவையில்லை. டிசம்பரில் மாதப் பரிவர்த்தனை கிட்டத்தட்ட இருபது லட்சம் ஆனது, அந்த மாதம் 30ஆம் தேதி அரசின் பீம் செயலி வந்தது. அடுத்த வருடம் கூகுள் 'தேஸ்' என்ற பெயரில் இறங்கியது, 2018இல் அதுவே கூகுள் பே ஆனது. 2019 அக்டோபரில் மாதத்துக்கு நூறு கோடி. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் இரண்டாயிரம் கோடி பரிவர்த்தனைகள். ஒரு லட்சத்துக்கும் கீழே இருந்தது ஒன்பதே வருடத்தில் இங்கே வந்து நிற்கிறது. பணமதிப்பிழப்பு சரியா தப்பா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, ரொக்கம் திரும்ப வந்த பிறகும் மக்கள் இதை விடவில்லையே.

சரி, அந்த நாலு விநாடிக்கு வருவோம்.

டீக்கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கட்டம் கட்டமான படம் இருக்கிறதே, க்யூஆர், அது 1994இல் ஜப்பானில் கார் உதிரிபாகங்களை அடையாளம் காண டென்சோ வேவ் என்ற கம்பெனி கண்டுபிடித்தது. அதில் மந்திரம் எதுவும் இல்லை, கண்ணால் படிக்கிற எழுத்துக்குப் பதில் கேமரா படிக்கிற எழுத்து. கடைக்காரரின் யுபிஐ முகவரியும் பெயரும் அதில் எழுதியிருக்கும், அவ்வளவுதான். முகவரி என்பது ஏதோ ஒரு பெயர், நடுவில் அந்த @ குறி, அப்புறம் ஒரு வங்கியைக் குறிக்கும் எழுத்துகள் என்ற வடிவத்தில் இருக்கும். கணக்கு எண்ணை ஊருக்கெல்லாம் காட்டாமல் பணம் வாங்க ஒரு புனைபெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஸ்கேன் செய்ததும் உங்கள் செயலி அந்தப் புனைபெயரை என்பிசிஐக்கு அனுப்பி, "இது யார்?" என்று கேட்கிறது. என்பிசிஐ அந்த முகவரியைக் கொடுத்தவர்களிடம் விசாரித்துப் பெயரைத் திருப்பி அனுப்புகிறது. திரையில் கடைக்காரர் பெயர் வருவது அப்படித்தான். நீங்கள் பதினைந்து ரூபாய் என்று அடித்து, பின் நம்பரைப் போடுகிறீர்கள். இப்போது செய்தி என்பிசிஐ வழியாக உங்கள் வங்கிக்குப் போகிறது. வங்கி மூன்று விஷயம் பார்க்கும்: பின் சரியா, கணக்கில் பதினைந்து ரூபாய் இருக்கிறதா, இன்றைய வரம்பைத் தாண்டவில்லையா. சரியென்றால் கழித்துக்கொண்டு "கழித்துவிட்டேன்" என்று என்பிசிஐக்குச் சொல்லும். என்பிசிஐ கடைக்காரரின் வங்கியிடம் "வரவு வைத்துக்கொள்" என்று சொல்லும். அந்த வங்கி வைத்துக்கொண்டு பதில் சொன்னதும், உங்கள் திரையில் பச்சை டிக். டீ மாஸ்டர் டம்ளரைக் கழுவி வைப்பதற்குள் இவ்வளவு பேச்சுவார்த்தை முடிந்துவிடுகிறது.

ஒன்றைக் கவனித்தீர்களா? இதில் பணம் எங்கேயும் பயணம் செய்யவில்லை. செய்திதான் போகிறது. ஒரு வங்கியின் பேரேட்டில் குறைத்து எழுதுகிறார்கள், இன்னொன்றின் பேரேட்டில் கூட்டி எழுதுகிறார்கள். அன்றைக்கு இந்த வங்கி அந்த வங்கிக்குக் கொடுக்க வேண்டியது, அது இதற்குக் கொடுக்க வேண்டியது எல்லாவற்றையும் நேர் செய்து, மிச்சத் தொகையை மட்டும் ஒரு நாளில் பல தவணைகளாக ரிசர்வ் வங்கியில் வைத்துத் தீர்த்துக்கொள்கிறார்கள். இது நமக்குப் புதிதும் இல்லை. பர்மாவில் லேவாதேவி செய்த நகரத்தார்கள் ரங்கூனில் பணத்தை வாங்கிக்கொண்டு உண்டியல் என்ற ஒரு சீட்டை எழுதிக் கொடுப்பார்கள். அந்தக் காகிதத்தைச் செட்டிநாட்டில் காட்டினால் பணம் கிடைக்கும். கப்பலில் வந்தது காகிதம், காசு இல்லை. இரண்டு பக்கப் பெட்டியடிக்காரர்களும் பிறகு கணக்கு நேர் செய்துகொள்வார்கள். அன்றைக்கு உண்டியல் கப்பலேறி வரும் வரை காத்திருந்தார்கள், இன்றைக்குச் சக்கரம் சுற்றும் அந்த நாலு விநாடிக்கே பொறுமை போய்விடுகிறது.

இப்போது பின் நம்பர். பெரியம்மாவின் அடுத்த பயம் இதுதான், "அந்த நாலு நம்பரை கூகுள்காரன் பாத்துக்க மாட்டானா?" நல்ல கேள்வி. பின் போடும் பக்கத்தைக் கவனித்தால், எந்தச் செயலியாக இருந்தாலும் அந்தப் பக்கம் மட்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, கொஞ்சம் பழைய மோஸ்தரில் இருக்கும். காரணம், அது செயலியின் பக்கமே இல்லை. என்பிசிஐ கொடுத்த மென்பொருள் துண்டு அது. செயலிக்குள் உட்கார்ந்திருக்கும், ஆனால் நீங்கள் அடிக்கும் எண்ணைச் செயலிக்குக் காட்டாமல் பூட்டிட்டு வங்கிக்கு அனுப்பிவிடும். சமையலுக்கு வந்தவர் வீட்டுக்குள் நடமாடலாம், பீரோ சாவி அவரிடம் இல்லை என்பது போல.

இதோடு இன்னொரு பூட்டும் இருக்கிறது. முதன்முதலில் செயலியை நிறுவும்போது உங்கள் சிம்மிலிருந்து தானாக ஒரு எஸ்எம்எஸ் வெளியே போகும். சிலர் அதைப் பார்த்துப் பதறிப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அது எதற்கென்றால், வங்கியில் கொடுத்திருக்கும் கைபேசி எண் உண்மையிலேயே இந்தப் போனுக்குள் இருக்கும் சிம்தானா என்று உறுதி செய்துகொள்ள. ஆக, வேறொருவர் உங்கள் பின்னை எட்டிப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டாலும் அவர் போனிலிருந்து ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் போனைத் தூக்கிக்கொண்டு போனாலும் பின் தெரியாமல் வங்கிக் கணக்கிலிருந்து பணத்தை எடுப்பது எளிதில்லை. இரண்டும் சேர்ந்து போனால்தான் பெரிய ஆபத்து. அதனால் பின்னை போன் கவரின் உள்பக்கம் எழுதி வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் ஒருவர் வைத்திருந்தார், யாரென்று சொல்லமாட்டேன்.

பின் விஷயத்தில் மனப்பாடமாகத் தெரிய வேண்டிய ஒரே விதி: பணம் வெளியே போவதற்குத்தான் பின் தேவை, உள்ளே வருவதற்குத் தேவையே இல்லை. மேலே சொன்ன வழியை யோசித்துப் பாருங்கள், உங்கள் வங்கி பின்னைக் கேட்பது கழிப்பதற்கு. வரவு வைக்க எதற்குப் பின்? "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, வாங்க பின் போடுங்க", "உங்க பழைய கட்டிலை நான் வாங்கிக்கிறேன், நான் அனுப்பின க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துடும்" என்று வரும் போன்கள் எல்லாம் இந்த ஒரு விஷயம் தெரியாதவர்களைக் குறி வைத்துத்தான். யாரோ ஒருவர் நம்மிடம் பணம் கேட்டு அனுப்புகிற கோரிக்கையை, பணம் வருகிறது என்று நினைத்து அழுத்தியவர்கள் ஏராளம். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் அப்படிக் கோரிக்கை அனுப்புவதையே 2025 அக்டோபர் முதல் நிறுத்திவிட்டார்கள், இதைப் பல வருடம் முன்பே செய்திருக்கலாம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் உடனே 1930க்கு போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் பிடித்து நிறுத்த வாய்ப்பு இருப்பது முதல் கொஞ்ச நேரத்தில்தான்.

இன்னொரு பழக்கமும் வேண்டும். பின் போடுவதற்கு முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். 2025 ஜூன் கடைசியிலிருந்து செயலிகள் வங்கிப் பதிவில் உள்ள பெயரைத்தான் காட்ட வேண்டும், அவரவர் வைத்துக்கொண்ட பட்டப்பெயரை அல்ல. ராத்திரியோடு ராத்திரியாகக் கடையின் க்யூஆர் மேல் வேறொன்றை ஒட்டிவிட்டுப் போகும் திருட்டு உண்டு, பெயரைப் பார்த்தால் அது பிடிபட்டுவிடும்.

கடைக்காரர் பக்கத்து ஏமாற்று வேறு மாதிரி. பணம் அனுப்பியதுபோல ஒரு போலித் திரையை நீட்டிக் காட்டிவிட்டு போண்டாவோடு நடையைக் கட்டுவது. கூட்டத்துக்கு நடுவில் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் கையைத் துடைத்து, போனைத் திறந்து மெசேஜ் வந்ததா என்று பார்க்க முடியுமா? அதற்குத்தான் "பதினைந்து ரூபாய் பெறப்பட்டது" என்று கத்துகிற அந்தச் சின்னப் பெட்டி. அதற்குள் தனியாக ஒரு சிம் இருக்கிறது. உங்கள் போனுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பணம் வரவானது உறுதியான பிறகு கடைக்காரரின் சேவைக் கம்பெனியிடமிருந்து நேராக அதற்குச் செய்தி வருகிறது. அதனால் அதை ஏமாற்ற முடியாது. எங்கள் தெரு முனை டீக்கடையில் டிக் காட்டினால்கூட, "அண்ணே, பொட்டி இன்னும் பேசலையே" என்பார் மாஸ்டர். இத்தனை வருட ஸ்மார்ட்போன் புரட்சியில் என்னை மிகவும் கவர்ந்த கண்டுபிடிப்பு இந்தப் பெட்டிதான், படிக்கத் தெரியாதவருக்கும் பயன்படும்படி யாரோ யோசித்திருக்கிறார்கள்.

அந்தப் பெட்டிக்குக் கடைக்காரர் மாதவாடகை கட்டுகிறார். இதைச் சொன்னால் அடுத்த கேள்வி தானாக வரும்: அப்படியானால் மற்றதெல்லாம் எப்படி இலவசம்? கார்டு தேய்த்தால் கடைக்காரரிடமிருந்து ஒரு சதவீதமோ இரண்டு சதவீதமோ பிடித்துக்கொள்வார்கள், வங்கிகளின் செலவு அதிலிருந்து வரும். யுபிஐக்கு அந்தக் கட்டணம் 2020 ஜனவரி முதல் பூஜ்யம். பதினைந்து ரூபாய் டீக்கும் சர்வர் ஓட வேண்டும், ஆனால் யாரும் பைசா தருவதில்லை. அரசு வருடாவருடம் ஊக்கத்தொகை என்று கொஞ்சம் தருகிறது; சிறு வணிகர்களிடம் நடக்கும் இரண்டாயிரம் ரூபாய் வரையிலான பரிவர்த்தனைகளுக்காக 2024-25க்கு ஒதுக்கியது 1,500 கோடி. செயலிக் கம்பெனிகள் சம்பாதிப்பது வேறு வழியில். திறந்தவுடன் கடன் வேண்டுமா, காப்பீடு வேண்டுமா, தங்கம் வாங்குகிறீர்களா என்று துரத்துவது அதனால்தான். கடைக்காரருக்கும் அவருடைய வரவுகளைப் பார்த்துக் கடன் கொடுக்கிறார்கள். இலவசமாகச் சாலை போட்டுக் கொடுத்துவிட்டு இரண்டு பக்கமும் கடை விரித்திருக்கிறார்கள். எனக்கு அது பெரிய தப்பாகத் தெரியவில்லை, ஆனால் பணம் அனுப்பப் போன கை அவசரத்தில் கடன் பொத்தானில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நம் பாடு.

பணம் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை திண்டிவனத்துக்குப் பக்கத்தில் பெட்ரோல் போட்டுவிட்டு ஆயிரம் ரூபாய் ஸ்கேன் செய்தேன். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. என் கணக்கில் கழிந்ததாக மெசேஜ் வந்துவிட்டது, பங்கில் வரவில்லை. பையில் நூற்றிருபது ரூபாய்தான். பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்கிறது. கடைசியில் நண்பனுக்கு போன் போட்டு அவன் அங்கிருந்து அனுப்பினான். மேலே சொன்ன பேச்சுவார்த்தையில் நடுவில் ஒரு வங்கியின் சர்வர் பதில் சொல்லாமல் போனால் நடப்பது இதுதான்: கழித்தாயிற்று, வரவு வைக்கப்படவில்லை. ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதிப்படி, ஆளுக்கு ஆள் அனுப்பியதென்றால் மறுநாளுக்குள்ளும், கடைக்குக் கட்டியதென்றால் ஐந்து நாளுக்குள்ளும் பணம் தானாகத் திரும்பி வர வேண்டும். தாமதமானால் ஒரு நாளைக்கு நூறு ரூபாய் வீதம் வங்கி நஷ்டஈடு தர வேண்டும். எனக்கு மூன்றாம் நாள் வந்தது. அன்றைக்கு என் தலையெழுத்து ஒரு வங்கியோடு போயிற்று. 2025 மார்ச்சிலும் ஏப்ரலிலும் யுபிஐ மொத்தமாகவே சில மணி நேரம் படுத்துக்கொண்டது. அதிலிருந்து போன் கவருக்குள் ஒரு ஐநூறு ரூபாய் நோட்டை மடித்து வைத்திருக்கிறேன், பின் நம்பரை வைக்க வேண்டாம் என்று சொன்ன அதே இடத்தில்.

தப்பான ஆளுக்கு அனுப்பிவிட்டால் இந்த விதி உதவாது. பின் போட்டு அனுப்பியது அனுப்பியதுதான். வங்கியில் புகார் செய்யலாம், செயலியிலும் செய்யலாம், ஆனால் வாங்கியவர் சம்மதிக்காமல் அவர் கணக்கிலிருந்து எடுத்துத் தருவது கஷ்டம். புதிதாக ஒருவருக்குப் பெரிய தொகை அனுப்பும் முன் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்ப்பது அதற்காகத்தான்.

அன்றாட வாழ்க்கையில் இது என்ன மாற்றியது என்று பட்டியல் போட்டால் முடிவே இருக்காது. கோயில் வாசலில் பூ கட்டும் அம்மாவின் கூடையில் க்யூஆர் அட்டை தொங்குகிறது. ஹோட்டலில் நாலு பேர் சாப்பிட்டால் ஒருவர் கட்டிவிட்டு மற்றவர்கள் அங்கேயே அனுப்பிவிடுகிறார்கள், "அப்புறம் தர்றேன்" என்பதற்கு வேலை இல்லாமல் போனது. 2021இல் மதுரையில் ஒரு வீட்டில் கல்யாணப் பத்திரிகையிலேயே க்யூஆர் அச்சடித்தபோது ஊடகமெல்லாம் செய்தி போட்டது. அப்போது விநோதமாகத்தான் இருந்தது, இப்போது மொய் எழுதும் மேசையில் அந்த அட்டையைப் பார்த்து யாரும் திரும்புவதில்லை. சிங்கப்பூரில் இதே மாதிரி ஓடும் பேநவ் என்ற ஏற்பாட்டோடு 2023 பிப்ரவரியில் இணைப்பு வந்த பிறகு, அங்கே வேலை பார்ப்பவர் ஊரிலுள்ள அம்மாவின் யுபிஐ முகவரிக்கே அனுப்ப முடிகிறது. அடுத்த வருடம் இலங்கைக் கடைகளிலும் நம்மூர்ச் சுற்றுலாக்காரர்கள் ஸ்கேன் செய்ய வழி வந்துவிட்டது.

போனது என்ன என்றும் பார்க்க வேண்டும். ரொக்கத்துக்கு ஞாபகம் கிடையாது, யுபிஐக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் வணிகவரித் துறை யுபிஐ வரவுகளைக் கூட்டிப் பார்த்து, வருட விற்பனை வரம்பைத் தாண்டியதாகச் சொல்லிச் சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூரில் பல கடைகளில் க்யூஆரைக் கிழித்துவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி மாட்டினார்கள். வரி கட்ட வேண்டியவர் கட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் காய்கறி வண்டிக்காரரின் வரவு எல்லாமே வருமானம் இல்லை, தங்கை அனுப்பியதும் கைமாற்றாக வாங்கித் திருப்பியதும் அந்தக் கூட்டலுக்குள் சேர்ந்துவிடும் என்பதை அந்தப் பேரேடு தானாகச் சொல்லாது.

இதே விஷயம் பெரியம்மா வீட்டில் வேறு உருவத்தில் வந்தது. எல்லாம் விளக்கி முடித்து, "சரி, உங்க போன்லயும் போட்டுத் தரட்டுமா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. உள்ளே பெரியப்பா இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நான் ஒரு நூறு ரூபா செலவழிச்சா அவருக்கு மெசேஜ் போகுமா?" என்று கேட்டார்.

துவரம்பருப்பு டப்பாவுக்கு அடியில் பெரியம்மா சிறுவாடு வைப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், பெரியப்பாவைத் தவிர. அந்தக் காசில்தான் என் கல்லூரி விண்ணப்பத்துக்குப் பணம் கட்டினேன். கேள்வி சிரிக்கிற கேள்வி இல்லை, பதிலும் தெளிவானது. மெசேஜ் போவது வங்கியில் எந்தக் கைபேசி எண் பதிவாகியிருக்கிறதோ அதற்கு. பெரியம்மாவுக்கு இருந்தது கூட்டுக் கணக்கு, பதிவாகியிருந்தது பெரியப்பாவின் எண். அந்தக் கணக்கைப் பெரியம்மாவின் போனில் சேர்க்கவே முடியாது, எஸ்எம்எஸ் போய்ச் சரிபார்க்கும் அந்தப் பூட்டு விடாது. பெரியம்மாவுக்கென்று தனிக் கணக்கு, அதில் அவர் எண், அவர் பெயரில் ஏடிஎம் கார்டு எல்லாம் வேண்டும். இதற்கெல்லாம் தீபாவளி விடுமுறை முடிந்து வங்கி திறக்க வேண்டும். நான் சென்னைக்குக் கிளம்பிவிட்டேன். சித்தி மகள் கூடப் போய் எல்லாம் செய்து கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒருநாள் மத்தியானம் என் போனில் ஒரு ரூபாய் வந்து விழுந்தது. அனுப்பியவர் பெயரைப் பார்த்தால் யாரென்றே தெரியவில்லை. இனிஷியலோடு நீளமான பெயர். ஏதாவது மோசடியாக இருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. "வந்துச்சாடா?" நாற்பது வருடமாக வீட்டில் எல்லோரும் பாப்பா என்று கூப்பிடும் என் பெரியம்மாவின் ரேஷன் கார்டுப் பெயர் அதுதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.